குழந்தைக்கு எவ்வளவு உதவ வேண்டும்? சாரம் அமைத்தல்: தொடக்கநிலையினருக்கான விளக்கம்

பிறப்பு முதல் எட்டு வயது வரையிலான காலத்தை முன்குழந்தைப் பருவம் என்று கல்வியாளர்கள் பொதுவாக வகுக்கிறார்கள். இந்தப் பருவத்துக் குழந்தைகளோடு பணிபுரியும் ஆசிரியர், பெரும்பாலும் தம்மை அறியாமலேயே, நாள் முழுவதும் ஒரே கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்: இப்போது இந்தக் குழந்தைக்கு நான் உதவ வேண்டுமா, உதவினால் எவ்வளவு? சட்டைப் பொத்தானோடு போராடும் மூன்று வயதுக் குழந்தையின் கையை விலக்கிவிட்டு நாமே மாட்டிவிட்டால் வேலை நொடியில் முடியும். ஆனால் குழந்தை எதையும் கற்றிருக்காது. தானே செய்து பழகட்டும் என்று முற்றிலும் ஒதுங்கி நின்றால் அந்தப் போராட்டம் அழுகையில் முடியலாம். அப்போது குழந்தை கற்றுக்கொள்வது தன்னால் முடியாது என்பதை மட்டுமே. துணியை நாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பொத்தானைப் பாதி துளைக்குள் நுழைத்துவிட்டு, மறுபுறம் இழுக்கும் வேலையைக் குழந்தையிடம் விடலாம். நாளடைவில் நம் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் கையை முழுவதுமாக எடுத்துவிடலாம். இப்படி உதவி, இப்படி விலகும் முறைக்குக் கல்வி உளவியலில் சாரம் அமைத்தல் என்று பெயர்.

கட்டடம் எழும்பும்போது அதைச் சுற்றிச் சாரம் கட்டுகிறார்கள். கட்டடம் தன் காலில் நிற்கத் தொடங்கியதும் அதை அவிழ்த்துவிடுகிறார்கள். அவிழ்ப்பதற்காகவே கட்டப்படுவது என்பதுதான் இந்த உவமையின் உயிர். உதவி செய்வது என்றாலே சாரம் அமைப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். விலக்கிக்கொள்ளும் எண்ணமில்லாத உதவியை அந்தப் பெயரால் அழைப்பது சரியன்று.

இந்தக் கருத்தின் வேர் லெவ் வைகாட்ஸ்கியிடம் இருக்கிறது. 1896இல் பிறந்து, காசநோயால் 1934இல் தம் 37ஆம் வயதில் மறைந்த அந்த உளவியலாளர், குழந்தை தனியாக எதைச் செய்கிறது என்பதை மட்டும் அளந்து அதன் வளர்ச்சியை மதிப்பிடும் வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு எளிமையானது. தனியாகத் தேர்வெழுதும்போது இரண்டு குழந்தைகளும் எட்டு வயதுக்குரிய கணக்குகளைத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு பெரியவர் சிறு குறிப்புக் கொடுத்து உதவும்போது, ஒரு குழந்தை பன்னிரண்டு வயதுக்குரிய கணக்குகள் வரை போகிறது. மற்றொன்று ஒன்பது வயதுக்குரியவற்றோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் இந்த இரு குழந்தைகளும் ஒரே நிலையில் இருக்கின்றன என்று சொல்ல முடியுமா? தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட பரப்பை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். ஏற்கெனவே தனியாகச் செய்யத் தெரிந்ததைத் திரும்பத் திரும்பக் கற்பிப்பதில் பயன் குறைவு. துணையிருந்தும் எட்டாததைத் திணிப்பதில் பயனே இல்லை. கற்பித்தல் பலன் தருவது இந்த இடைப்பரப்பில்தான் என்பது அவர் முடிவு.

சாரம் என்ற உவமையை வைகாட்ஸ்கி பயன்படுத்தவில்லை. டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் வழியாகத்தான் அது கல்வி உலகில் வேரூன்றியது. அந்த ஆய்வைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. இன்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் பலவும் அங்கிருந்து வந்தவை.

மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேரிடம், ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளைக் கொண்டு ஒரு கூம்பகம் கட்டும் பணி தரப்பட்டது. அருகிலிருந்த பயிற்றுநர், முடிந்தவரை குழந்தையே செய்யும்படி விட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் தலையிட்டார். வயதுக்கு ஏற்ப அவருடைய வேலையே மாறிப்போனது என்பதுதான் சுவையான செய்தி. மூன்று வயதினர் அவர் சொன்னதைப் பெரும்பாலும் காதில் வாங்கவில்லை. கட்டைகளோடு தம் போக்கில் விளையாடினார்கள். எனவே பணியின் பக்கம் அவர்களை ஈர்ப்பதே அவருடைய முதன்மை வேலையாயிற்று. நான்கு வயதினர் பணியைப் புரிந்துகொண்டார்கள், ஆனால் தவறுகள் செய்தார்கள். அவர்களுக்கு வாய்ச்சொல்லால் திருத்தம் தேவைப்பட்டது. ஐந்து வயதினரோ பெரும்பாலும் தாமே செய்துவிட்டு, இது சரிதானே என்று உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும் அவரை நாடினார்கள். ஒரே பணி, ஒரே பயிற்றுநர், ஆனால் மூன்று விதமான துணை. ஒரு வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விளக்கத்தை ஒரே குரலில் சொல்லிவிட்டு, சொல்லிக் கொடுத்தாயிற்று என்று நிறைவடைவது எவ்வளவு போதாதது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பயிற்றுநர் செய்தவற்றை அந்தக் கட்டுரை ஆறாக வகுத்தது: குழந்தையின் ஆர்வத்தைப் பணியின் பக்கம் திருப்புதல், பணியைச் சிறிய அளவுக்குச் சுருக்குதல், இலக்கிலிருந்து விலகிப் போகாமல் காத்தல், கவனிக்க வேண்டிய முக்கியக் கூறைச் சுட்டுதல், சலிப்பையும் எரிச்சலையும் தணித்தல், செய்து காட்டுதல். ஐந்தாவதைச் சொல்லும்போதே அவர்கள் ஓர் எச்சரிக்கையையும் வைத்தார்கள்: குழந்தையின் எரிச்சலைத் தணிக்கப்போய், பயிற்றுநரையே சார்ந்திருக்கும் நிலைக்கு அதைக் கொண்டுபோய்விடக் கூடாது. ஆறாவதைப் பற்றி அவர்கள் கண்டது இன்னும் கூர்மையானது. ஏறக்குறைய செய்யத் தெரிந்துவிட்ட செயல்களை மட்டுமே குழந்தைகள் பார்த்துச் செய்தார்கள். ஆகவே செய்து காட்டுவது என்பது முழு வேலையையும் நாமே கச்சிதமாக முடித்துக் காட்டுவது ஆகாது. குழந்தை தொடங்கி அரைகுறையாக விட்ட முயற்சியை எடுத்து, அது எண்ணிய வழியிலேயே நிறைவு செய்து, திரும்ப அதன் கையில் கொடுப்பதாகும்.

உதவியின் படிகள்

நடைமுறையில் இதற்கு ஓர் எளிய விதி உண்டு. குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்ட வேண்டும். வென்றால் ஒரு படி குறைக்க வேண்டும். படத்துண்டுகளைச் சேர்த்து முழுப் படமாக்கும் ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். ஒரு துண்டு பொருந்தவில்லை. முதல் படி, ஊக்கச் சொல் மட்டும்: “இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாரு.” அது போதவில்லையென்றால் குறிப்பான ஒரு சொல்: “இந்தத் துண்டுல ஓரம் நேரா இருக்கே, அது எங்க வரும்?” அடுத்த படியில், பொருந்தக்கூடிய துண்டைச் சுட்டிக்காட்டலாம். அதற்கும் அடுத்ததில், துண்டைச் சரியான பக்கமாகத் திருப்பி இடத்தருகே வைத்துவிட்டு, உள்ளே அழுத்தும் வேலையைக் குழந்தையிடம் விடலாம். கடைசிப் படியில்தான் நாமே பொருத்திக் காட்டுவது வருகிறது. அடுத்த துண்டில் குழந்தை தானாகவே ஓரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டால், நாம் மீண்டும் முதல் படிக்கு, அல்லது முழு மௌனத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த விதியைக் கடைப்பிடிப்பது கடினம். அனுபவமுள்ளவர்களும் நேர நெருக்கடியில் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குத் தாவிவிடுவதுண்டு. அதைவிட அடிக்கடி நேர்வது, குழந்தை வென்ற பிறகும் உதவியைக் குறைக்காமல், துண்டுக்குத் துண்டு குறிப்புச் சொல்லிக்கொண்டே இருப்பது. சாரம் அமைப்பதில் பாதிக்கு மேற்பட்ட வேலை கவனிப்பது என்றே நான் கருதுகிறேன். என்ன சொல்வது என்பதைவிட, சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே உதவியின் தரத்தை முடிவு செய்கிறது.

எந்தத் திறனுக்குத் துணை செய்கிறோமோ, அந்தத் திறன் எப்படி வளர்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். எண்ணுதலை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். ரோஷெல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலுக்கு அடிப்படையான ஐந்து கொள்கைகளை வகுத்தார்கள்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஓர் எண்ணுப்பெயர், அந்தப் பெயர்கள் எப்போதும் மாறாத வரிசையில் வர வேண்டும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு, எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது. இவற்றில் மூன்றாவது பல குழந்தைகளுக்குத் தாமதமாகவே பிடிபடுகிறது. ஐந்து கட்டைகளைச் சரியாக எண்ணி முடித்த குழந்தையிடம் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால், அது மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். அதற்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அது எந்தப் படியில் நிற்கிறது என்பதை நமக்குக் காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் படிக்கு ஏற்ற துணை என்ன? ஒரே கட்டையை இரண்டு முறை எண்ணிவிடும் குழந்தைக்கு, எண்ணிய கட்டையை ஒரு பக்கமாக நகர்த்திவைக்கக் காட்டித் தரலாம். எது முடிந்தது, எது மீதி என்பதை நினைவில் சுமக்கும் பாரம் அதனால் குறைகிறது. மொத்தம் எது என்று தெரியாத குழந்தையோடு சேர்ந்து எண்ணும்போது, கடைசி எண்ணைச் சற்று அழுத்திச் சொல்லி, எல்லாக் கட்டைகளையும் ஒரே கையசைவில் வளைத்துக் காட்டி, “அஞ்சு! மொத்தம் அஞ்சு கட்டை இருக்கு” என்று சொல்லலாம். பின்னர் அந்தக் கையசைவை மட்டும் செய்துவிட்டு, சொல்லைக் குழந்தையிடம் விடலாம். இருபது வரை, ஐம்பது வரை ஒப்பிக்கச் சொல்லி எண்களை நீட்டிக்கொண்டே போவது இந்தக் குழந்தைக்கு எந்த உதவியும் ஆகாது.

பேச்சால் தரும் துணை

முன்பருவக் கல்வியில் மிகுதியாகப் பயன்படும் துணை பேச்சுதான். “நாய் ஓடு” என்று இரண்டு வயதுக் குழந்தை சொல்லும்போது, அப்படிச் சொல்லக் கூடாது என்று திருத்தத் தேவையில்லை. “ஆமா, அந்த நாய் வேகமா ஓடுது” என்று அதன் கருத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாக்கியத்தை ஒரு படி நீட்டிக் கொடுத்தால் போதும். படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டும்போதும் இதுவே வழி: படத்தைப் பற்றிக் கேட்பது, குழந்தையின் விடையைக் கேட்பது, அதைச் சற்று விரித்துச் சொல்வது. ஒரே புத்தகத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்லிக் குழந்தைகள் கேட்பது நமக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் முதல் வாசிப்பில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த குழந்தை, பல வாசிப்புகளுக்குப் பிறகு கதையைத் தானே சொல்லத் தொடங்குவதை அங்கேதான் காண்கிறோம். வீட்டு மொழி வேறாக இருக்கும் குழந்தை, முதலில் அந்த மொழியில் சொல்லட்டும். சிந்தனை வளரும்போது மொழி எதுவாக இருந்தாலும் தடையில்லை.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் துணையே. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள் என்று கண்டார். அந்த இடைவெளி மூன்று நொடிக்கு மேல் நீண்டபோது விடைகள் நீளமாயின. தாமாக முன்வந்து பேசுவோர் கூடினர். மாணவர்களே கேள்வி கேட்பதும் மிகுந்தது. பள்ளி மாணவர்களுக்கே இப்படியென்றால், சொற்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த மௌனம் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்யும்போது குழந்தை தனக்குத்தானே முணுமுணுப்பதைச் சிலர் தடுக்கிறார்கள். அது வேண்டாம். இத்தகைய பேச்சு, பிறர் நோக்கை அறியாத இளமையின் அடையாளம் என்றும் காலப்போக்கில் மறையும் என்றும் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜே கருதினார். வைகாட்ஸ்கியின் பார்வை வேறு: குழந்தை தன் செயலைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் கருவி அது, நாளடைவில் உள்ளே சென்று மனப்பேச்சாக மாறுகிறது. நேற்று நாம் சொன்ன “முதல்ல ஓரத்தைத் தேடு” என்பதை இன்று குழந்தை தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் கேட்டால், அந்தக் குறிப்பை இனி நாம் சொல்லத் தேவையில்லை என்று பொருள்.

ஆள் இல்லாமலும் சாரம் அமையும். 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி உருவாக்கிய உருளைக் கட்டைகளில், ஒவ்வோர் உருளைக்கும் அதற்கென்றே அளவான ஒரு குழி உண்டு. தவறாகப் பொருத்தினால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் நின்று, பிழையைப் பொருளே சொல்லிவிடும். எட்டும் உயரத்தில் அலமாரி, எந்தப் பொருள் எங்கே என்று காட்டும் படம், கைக்கு அடங்கும் அளவிலான குவளை ஆகியவையும் பெரியவரை அழைக்காமல் குழந்தை தானே செயல்பட வழி செய்கின்றன. கற்பனை விளையாட்டும் அத்தகைய துணைதான். மருத்துவராக நடிக்கும் குழந்தை அந்தப் பாத்திரத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, மற்ற நேரங்களில் காட்டாத பொறுமையைக் காட்டுகிறது. விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்று வைகாட்ஸ்கி எழுதியது இதைத்தான். ஆசிரியர் அதில் நோயாளியாகச் சேர்ந்துகொண்டு, “எனக்கு ராத்திரியெல்லாம் இருமல், டாக்டர்” என்று விளையாட்டை நீட்டலாம். விளையாட்டைப் பாடமாக மாற்றி, மருந்துப் புட்டிகளை எண்ணச் சொல்லித் தேர்வு வைத்தால் அது அங்கேயே முடிந்துவிடும்.

பரிசுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள முன்பள்ளிக் குழந்தைகள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் வகுப்பில் தம் விருப்பம்போல் இருக்க விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். ஆர்வம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் பரிசு என்ற முட்டுக்கொடுத்தல் தேவையில்லை. அது இருப்பதையும் குலைத்துவிடக்கூடும். ஆர்வம் இல்லாத இடத்தில் பணியைச் சிறிதாக்கி, முதல் வெற்றியை எளிதாக்கிக் கொடுப்பது மேல்.

விலகுவதும் திரும்பி வருவதும்

உதவியைக் குறைக்கும் பாதை நேர்க்கோடாக இருக்காது. நேற்றுத் தானே காலணி அணிந்த குழந்தை, இன்று தூக்கக் கலக்கத்தில் அல்லது தம்பி பிறந்த வாரத்தில், நம் கையை எதிர்பார்க்கும். அன்று ஒரு படி முன்னே வந்து உதவுவது, கற்பித்ததை வீணாக்குவது ஆகாது. பாதுகாப்பான அடித்தளம் உள்ள குழந்தையே துணிந்து புதியவற்றைத் தேடிப்போகும் என்பது மேரி எய்ன்ஸ்வொர்த் தாய்–சேய் பிணைப்பைப் பற்றிச் செய்த ஆய்வுகளின் மையச் செய்தி. அச்சத்திலும் களைப்பிலும் இருக்கும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது அந்த அடித்தளம்தான், புதிர் பிறகு வரலாம். வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைக்கும் இதே முறை பொருந்தும். படிகள் இன்னும் சிறியதாகவும், ஒரு படியில் நிற்கும் காலம் நீண்டதாகவும் இருக்கும். ஆனால் பல வாரங்களாகத் துணையைக் கூட்டியும் எந்த அசைவும் இல்லையென்றால், பெற்றோரோடு பேசி, குழந்தை வளர்ச்சி மருத்துவரின் கருத்தைத் தாமதிக்காமல் பெற வேண்டும்.

இந்தக் கருத்துக்கு எல்லையும் உண்டு. அருகில் அமர்ந்து, சொல்லிச் சொல்லிக் கற்பிக்கும் முறை எல்லாச் சமூகங்களிலும் இல்லை. பெரியவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே இருந்து, கூர்ந்து பார்த்து, சிறு வேலைகளில் கை கொடுத்தே பல குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஆய்வாளர் பார்பரா ரோகாஃப் விரிவாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் குழந்தை வகுப்பில் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு கேள்விகளால் துளைக்காமல், பார்க்க விட்டு, பிறகு பொருளைக் கையில் கொடுப்பதே அதற்கேற்ற துணை.

இருபது குழந்தைகள் உள்ள வகுப்பில் இவ்வளவு நுணுக்கமாக ஒவ்வொருவரையும் கவனிக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரே நாளில் முடியாது. நாளுக்கு மூன்று நான்கு குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கவனித்தால், ஒரு வாரத்தில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். மற்றக் குழந்தைகளுக்கு, அவர்களைவிடச் சற்று முன்னே நிற்கும் தோழர்களே பல நேரம் நல்ல துணையாவார்கள். கவனித்ததைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. குழந்தை என்ன செய்ய முயன்றது, எந்த அளவு உதவியில் அது முடிந்தது என்ற இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் போதும். “ஏழு கட்டைகளை எண்ணினாள், நகர்த்திவைக்க நினைவூட்ட வேண்டியிருந்தது, மொத்தம் எத்தனை என்று தானே சொன்னாள்” என்பது போன்ற ஒரு வரி, அடுத்த முறை எந்தக் குறிப்பைச் சொல்லாமல் விட்டுப் பார்க்கலாம் என்பதை ஆசிரியருக்குக் காட்டிவிடும்.